பழைய காரும் பழசாப் போன காரும்

"ஹலோ... ஹலோ, லுட்டாயாவா?... நான்தான்... நான்தாண்டா, செபோவா... எந்த செபோவான்னா? ஹெட்மாஸ்டர் செபோவா... ஆமா... ஆமா ஆமா, உயிரோடதான் இருக்கேன்... இல்லை, நம்பர் மாறிப் போகலை. உனக்குத்தான் போட்டேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு செபோவா செம்மண் சாலையின் ஓரத்துக்கு நகர்ந்தார். மூன்று வருஷமாக இந்த மனுஷனோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஊர், மசாக்கா. ஒரே சர்ச். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை குலுக்குகிற நேரத்தில்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆனால் இன்றைக்கு செபோவாவின் தம்பி மகன் கிகுண்டுவுக்கு நிச்சயம். பெண், லுட்டாயாவின் அண்ணன் மகள். கிகுண்டு முப்பத்தாறு வயதில் பார்த்துப் பார்த்துப் பிடித்த பெண். இவளை விட்டு உலகத்தில் வேறு யாருக்காவது லுட்டாயா சித்தப்பாவாக இருந்திருக்கக்கூடாதா என்று செபோவா பல நாள் யோசித்திருக்கிறார்.

"சும்மாதான் கூப்பிட்டேன். மூணு வருஷமாச்சே, எப்படி இருக்கேன்னு கேப்போம்னு... இன்னிக்கேதான் கேக்கணுமான்னா... நல்ல நாளும் அதுவுமா கேட்டா என்ன தப்பு?... முழங்கால் வலி எப்படி இருக்கு?... ரெண்டுலயுமா?... த்சொ... சரி. மழை அங்கே விட்டுடுச்சா?... பந்தல் நனையலையே?... நல்லது, நல்லது."

பலாமரத்தடியில் இருந்து அவர் தங்கை நக்கிட்டோ முறைத்தாள். காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டு, விசேஷத்துக்கு உடுத்திய ஊதா நிற கோமெசி அங்கி கசங்காமல் அதில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கிகுண்டு கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை கன்ஸு அங்கியை இரண்டு கையாலும் முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி சேற்றுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். மணி பத்து இருபது. பதினோரு மணிக்குப் பெண் வீட்டு வாசலில் மூங்கில் தட்டியை இழுத்துச் சாத்திவிடுவார்கள். பெண்ணின் அப்பா அதில் கறார். மூத்த மகளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை நாற்பது நிமிஷத் தாமதத்துக்காகத் திருப்பி அனுப்பியவர்.

"நாங்களா? வந்துட்டே இருக்கோம்... ஆமா, மோரிஸ்லதான், வேற எதுல... அருமையா வருது. நேத்துதான் மெழுகு போட்டுத் தேச்சேன், மூஞ்சி பார்க்கலாம்... என்ன சத்தம்?... ஆடா?... ஆமா, ஆடுதான். ரோட்டோரமா நாலஞ்சு போகுது... எந்தப் பக்கமா போகுதுன்னா... நாங்க போற பக்கம்தான்... எங்களை முந்திக்கிட்டுப் போகுது."

செபோவா ஆடுகளைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த காரைப் பார்த்தார்.

"...நாங்க நிக்கறோம் லுட்டாயா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, செபோவா போனைக் காதில் இருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார்.

"சிரிச்சாச்சா?... சிரிச்சு முடி, நான் இருக்கேன்... முடிஞ்சுதா?... வலது பக்க முன் சக்கரம்... பஞ்சர் இல்லை. பஞ்சர்னா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? படுத்துக்கிச்சு... சக்கரம்டா. மடங்கிப் படுத்துக்கிச்சு. மட்கார்டு மண்ணுல உக்காந்திருக்கு... வேகமா எல்லாம் வரலை. ஒரு பள்ளத்துல மெதுவா இறக்கினேன், டொக்குன்னு ஒரு சத்தம். பெரியவங்களைப் பார்த்த நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி அப்படியே மண்டி போட்டுடுச்சு... யாருக்கும் அடி இல்லை... எங்கேன்னா, சதுப்பைத் தாண்டி செங்கல் சூளை இருக்கே, அதுக்கு இந்தப் பக்கம். பெரிய பலாமரம்... அதேதான். உங்க வீட்டுல இருந்து ஏழு கிலோமீட்டர் இருக்கும்... ஹலோ?... என்னடா அது, கதவை அறையற சத்தம்?... சமையக்கட்டா. சரி, சரி."

சீர்ப் பொருள்களும் சொந்தக்காரர்களும் ஏறிய இரண்டு வேன்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. வேன்காரர்களுக்கு எட்டுத் தடவை போன் போட்டாயிற்று. அங்கே ஒலிபெருக்கி அலறுகிறபோது யார் எடுப்பார்கள்? வாடகைக்கு ஆள் ஏற்றுகிற போடா-போடா பைக்குக்காரன் ஒருவன் வந்தான். மூன்று பலாப்பழமும் ஒரு கதவு நிலையும் கட்டியிருந்தான். பெயருக்குத் தகுந்த மாதிரி நிற்காமல் போய்விட்டான். மிச்சம் இருந்த ஒரே நம்பர் லுட்டாயாவுடையது. அதை செபோவா மூன்று வருஷமாக அழிக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று நக்கிட்டோ கேட்டபோது பேச்சை மாற்றினார்.

"கிங் பின்னா? சக்கரத்தைத் தாங்கற பின்தானே, இருக்கலாம்... கிரீஸா? கிரீஸ் எல்லாம் போட்டேன்... கடைசியா எப்பன்னா... போன வருஷம்... அதுக்கு முந்தின வருஷம்... இல்லை லுட்டாயா. போடலை. நீ கடைசியாப் போட்டதுதான்... உன்னை விட்டா யாரு இருக்கா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தனைப் பிடிச்சேன். கதவு, கண்ணாடி, என் சட்டை, எல்லாத்துலயும் கிரீஸ் அடிச்சான், அடிக்க வேண்டிய இடத்தைத் தவிர... ஆமா, என் தப்புதான். காரைச் சொல்லாதே. கார் மேல ஒரு குத்தமும் இல்லை. மாசா மாசம் கேக்கற கிரீஸை நான் கொடுக்கலை, அவ்வளவுதான்... ஆமா... ஆமா ஆமா."

இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மோரிஸை நாற்பது வருஷம் காப்பாற்றினார்கள். மிஷன் டாக்டர் ஓட்டிய வண்டி. செபோவா வாங்கினார், மெழுகு போட்டார், ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை லுட்டாயா வந்து அடியில் படுத்து, எங்கே எது போடவேண்டுமோ போட்டுவிட்டுப் போவார். லுட்டாயா டாக்சி ஓட்டியவர். அவருடைய பெஜோ 504 நீளமான வண்டி, மூன்று வரிசை சீட்டு. அதுவும் இப்போது நாற்பது வயதைத் தாண்டியாயிற்று.

"இப்ப நீ கொஞ்சம் அந்த பெஜோவை எடுத்துட்டு வந்தேன்னா... மூணு பேர்தான்... ஏன்? ஏன் வரணும்னா... மாப்பிள்ளை உங்க வீட்டு மாப்பிள்ளைடா... இது என்ன கேள்வி... ஓ. அதுக்கு வர்றியா."

செபோவாவின் முகம் சுருங்கியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சர்ச்சுக்குக் கூரை போடப் பணம் திரட்ட ஒரு பழைய கார் கண்காட்சி நடத்தினார்கள். நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர் என்று செபோவாவை மார்க் போட உட்கார வைத்தார்கள். அவருடைய மோரிஸ் போட்டியில் இல்லை, சும்மா வாசலில் நின்றது. லுட்டாயாவின் பெஜோவுக்கு அவர் பத்துக்கு நாலு போட்டார். ஏன் இவ்வளவு குறைவு என்று பாதிரியார் மைக்கில் கேட்டார். செபோவாவும் மைக்கிலேயே சொன்னார். பழைய கார் வேறு, பழசாப் போன கார் வேறு என்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது. லுட்டாயா சிரிக்கவில்லை. பெஜோவை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

"அது ஏதோ அந்த நேரத்துல வாயில வந்தது... நான் யோசிச்சுச் சொன்னேனா என்ன?... சரி, யோசிச்சுத்தான் சொன்னேன்... முந்தின நாளே யோசிச்சேன், போதுமா?... என்ன பண்ணணும்கறே இப்போ?... ரெண்டு காரையும் பக்கத்துல வச்சு... ஒவ்வொண்ணாவா?... மறுபடியும் மார்க்கா? மணி பத்தரை ஆகப்போகுதுடா... வைக்காதே. வைக்காதே, இரு. சொல்றேன். கேளு."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல அழகு... லுட்டாயா, அழகுல மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாதே. ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. எங்கே தொட்டாலும் உருண்டை. கூர்மையா ஒரு மூலை கிடையாது. திரும்பணும்னா கதவோரத்துல இருந்து சின்னதா ஒரு கையை நீட்டும். நான் திரும்பறேன் ஐயா, கொஞ்சம் வழி விடுங்கன்னு கேக்கற மாதிரி. அது மரியாதை. உன்னோடது என்ன பண்ணும்? கண்ணைச் சிமிட்டும். ரோட்டுல போற பொம்பளைங்களைப் பார்த்து சிமிட்டற ரவுடி மாதிரி... ஹலோ?... ஹலோ... சிமிட்டறதும் நல்லதுதான். சிமிட்டினா ராத்திரியில தெரியும். என் வண்டி கையை நீட்டறது எனக்கே தெரியாது, நக்கிட்டோதான் எட்டிப் பார்த்துச் சொல்லுவா... ஆமா... சிமிட்டறதுக்கு ஒரு மார்க் சேர்த்துக்கோ."

நக்கிட்டோ கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"அடுத்தது என்ன?... இடம். மோரிஸ்ல நாலு பேர் தாராளமா... நக்கிட்டோ ஏறினா மூணு பேர்... இரும்மா, உன்னைச் சொல்லலை, அந்த இடுப்புப் பட்டையைச் சொன்னேன்... உன்கிட்ட இல்லை லுட்டாயா, இங்கே... உன்னோடதுல எட்டு. எட்டு பேர், ரெண்டு வாழைத்தார், கூரை மேல கட்டில். நானே பார்த்திருக்கேன், இல்லைன்னு சொல்லலை... வயசு? வயசுல என்னோடது இருபது வருஷம் மூப்பு. ஐம்பத்தெட்டு எங்கே, எழுபத்தெட்டு எங்கே. இந்த நாட்டுக்குக் கொடி வர்றதுக்கு முன்னாடியே எங்க வண்டி ரோட்டுல ஓடிச்சு... இப்ப ஓடலை, அதைத்தான் சொல்லிட்டேனே, எத்தனை தரம் சொல்லணும்?"

ஒரு ஆடு வந்து மெழுகு போட்டுத் தேய்த்திருந்த கதவில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. செபோவா அதைக் காலால் தள்ளினார்.

"ஆமா. எழுபத்தொன்பதுல ஊருக்குள்ள சண்டை வந்தப்போ... பட்டாளம் பிடுங்கிடும்னு... தெரியும். உங்க அப்பா நாலு சக்கரத்தையும் கழட்டி, வாழைத் தோட்டத்துல இலை போட்டு மூடி வச்சார்... நாலு மாசம்... வெளியில எடுத்து சாவியைத் திருப்பினதும் ஒரே தடவையில கிளம்பிச்சு. தெரியுண்டா, இந்தக் கதையை நீ சொல்லாத வீடு மசாக்காவுல உண்டா?... மோரிஸா? மோரிஸ் அப்போ சர்ச்சு கொட்டகையில இருந்துச்சு... பூட்டி... வீரம் எல்லாம் ஒண்ணும் காட்டலை. பாதிரியாரோட கோழி அதுல முட்டை போட்டுச்சு... சிரி. நல்லா சிரி... யாரு அது, கூட சிரிக்கறது? பொம்பளைக் குரல் கேக்குதே... சமையல்காரங்களா. அவங்களுக்கு வேலை இல்லையா? போய் வாழை இலையில கோழியைக் கட்டச் சொல்லு."

கிகுண்டு அருகில் வந்து நின்றான். கன்ஸுவின் ஓரத்தில் ஒரு கோடு சேறு பட்டிருந்தது. போன வருஷம் இதே நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவன் அப்பா போய்விட்டார், தள்ளிப் போட வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவையும் நின்றுபோனால் அந்த வீட்டில் மூன்றாவது நாள் தரமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், செபோவாவுக்கும் தெரியும். லுட்டாயாவின் கண் முன்னால் பளபளவென்று வந்து இறங்கவேண்டும் என்றுதான் வேனில் இடமிருந்தும் மோரிஸை எடுத்தார் என்பது செபோவாவுக்கு மட்டும் தெரியும். நக்கிட்டோவும் ஊகித்திருந்தாள்.

செபோவா குரலைத் தாழ்த்தினார்.

"லுட்டாயா, விளையாட்டு போதும். பையன் பக்கத்துல நிக்கறான். சேத்துல நிக்கறான். அவன் மூஞ்சியைப் பார்க்க முடியலை... என்ன வேணும் உனக்கு? அந்த வார்த்தையை வாபஸ் வாங்கணும், அவ்வளவுதானே? வாங்கிட்டேன்... சத்தமாவா?... வாங்கிட்டேன்... இன்னும் சத்தமாவா?"

நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி, சத்தமாகச் சொல், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று சொன்ன வாய் அது. செபோவா நிமிர்ந்து நின்றார். சதுப்பு நிலத்தில் நாணலுக்கு மேல் உட்கார்ந்திருந்த கொக்குகள் எழும்பிப் பறக்கிற அளவுக்குக் கத்தினார்.

"லுட்டாயாவோட பெஜோ பழசாப் போன கார் இல்லை. அது பழைய கார். நல்ல பழைய கார். நான் சொன்னது பொய்... கேட்டுச்சா?... சமையல்காரங்களுக்கும் கேட்டுச்சா?... சரி. இப்ப கிளம்பறியா?... இன்னும் என்னடா?... எதுக்குப் பொய் சொன்னேன்னா..."

இதை லுட்டாயா கேட்பார் என்று செபோவா எதிர்பார்க்கவில்லை. சாலையில் இருந்து திரும்பி, சாய்ந்து கிடந்த மோரிஸின் கூரை மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"அது வேண்டாம்... வேண்டாம்னா விடேன்... அங்கே என்ன உறுமிட்டே இருக்கு? ஜெனரேட்டரா? கொஞ்சம் தள்ளி வந்து பேசு, சரியாக் கேக்கலை... சொல்றேன். சொல்லித்தான் ஆகணும்னா சொல்றேன்.

"என் வீட்டுக்காரி நபடான்சி நோவுல படுத்த வருஷம் ஞாபகம் இருக்கா?... மறப்பியா நீ. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கம்பாலா ஆஸ்பத்திரி. நீதான் கூட்டிட்டுப் போனே. பின் சீட்டை மடக்கி, மெத்தை போட்டு... எட்டு மாசம்... நான் முதல் செவ்வாய்க்கிழமை மோரிஸை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினேன். துடைச்சு, தலையணை எல்லாம் வச்சு. அவ வெளியில வந்தா, பார்த்தா, லுட்டாயாவைக் கூப்பிடுங்கன்னா. இது வேண்டாம், குலுக்கும்னா... நாப்பது வருஷம் அதுல ஏறினவ லுட்டாயா. கல்யாணத்தன்னிக்கு அதுலதான் வந்தா. ஒரு நாள் குலுக்குதுன்னு சொன்னதில்லை. கடைசியில என் வண்டி வேண்டாம்னுட்டா.

"அப்புறம் அவ போனப்புறம்... உன் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம்... உன் மேல கோவம் இல்லை. உன் மேல என்ன கோவம், நீ தெய்வம் மாதிரி செஞ்சே. அந்த வண்டி மேல. இரும்பு மேல பொறாமைப்பட்ட ஒரே கிழவன் நானாத்தான் இருப்பேன். அதுக்கு மார்க் போடச் சொல்லி என்கிட்ட பேப்பரைக் கொடுத்தாங்க. நாலு போட்டேன்... அவ்வளவுதான்... ஹலோ?... இருக்கியா?"

காற்று மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"சொல்லு... என்னது?... உன்கிட்டயா சொன்னா? எப்போ?... திரும்பி வர்றப்போவா... நான் எங்கே இருந்தேன்?... தூங்கிட்டேனா... என்ன சொன்னா?"

செபோவா கேட்டுக்கொண்டே நின்றார். கூரை மேல் ஊன்றியிருந்த கை மெல்ல இறங்கியது.

"...மருந்து வாடையா?... என் வண்டிக்குள்ள அந்த வாடை ஏறிடும்னா... அப்புறம் நான் அதுல ஏறவே மாட்டேன்னா... குலுக்கறதெல்லாம் இல்லையா?... சும்மா சொன்னதா... எட்டு மாசமும்... ஏண்டா, இதை அப்பவே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?... சொல்லாதேன்னாளா... சொல்லாதேன்னா சொல்லாமலே இருந்துடுவியா, மூணு வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு... ஆமா, நானும்தான் திருப்பிக்கிட்டேன். ஆமா... ஆமா ஆமா."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கிகுண்டு வேறு பக்கம் பார்த்தான். நக்கிட்டோ பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆனால் இப்போது முறைக்கவில்லை.

"சரி லுட்டாயா, மணி பத்து முப்பத்தஞ்சு. நீ இனிமே கிளம்பி வந்து, இந்தச் சேத்துல ஏத்தி, திரும்பிப் போய்... முடியாது. உங்க அண்ணன்கிட்ட நீயே பேசு. தப்பு ஹெட்மாஸ்டர் மேலன்னு சொல்லு, பையன் மேல இல்லைன்னு சொல்லு. அவர் கால்ல விழணும்னாலும்... என்ன ஹாரன் அது?... உங்க பக்கமா எங்க பக்கமா?... இரு, ரெண்டு காதுலயும் கேக்குதே."

செங்கல் சூளையின் புகையைக் கிழித்துக்கொண்டு, சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்தபடி, வெளிர் நீல பெஜோ ஒன்று மேட்டில் ஏறி வந்தது. சாய்ந்த விளக்குக் கண்கள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. நடு சீட்டில் பெண்ணின் அத்தைமார் இரண்டு பேர், பட்டு கோமெசியில், ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக் குலவையிட்டுக்கொண்டு வந்தார்கள்.

"டேய்... நீ எப்போ கிளம்பினே?... செங்கல் சூளைன்னு சொன்னப்பவேவா?... அப்போ அந்தக் கதவுச் சத்தம்... சமையல்காரங்க... எல்லாத்தையும் அவங்க ரெண்டு பேரும் கேட்டாங்களா?... கோழி முட்டை போட்டதையுமா?"

பெஜோ வழுக்காமல் வந்து நின்றது. லுட்டாயா இறங்கினார். பேசிக்கொண்டிருந்த போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்தடி தூரத்தில் நின்ற செபோவாவை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வலிக்கிற முழங்கால்களோடு நேராக மோரிஸிடம் போனார். மடங்கிய சக்கரத்துக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குந்தி உட்கார்ந்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். அது செபோவாவுக்குப் போன் வழியாகத்தான் கேட்டது. தன்னைத் திட்டுகிறாரா, காரோடு பேசுகிறாரா என்று அவருக்குப் புரியவில்லை.

நேரில் நடந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடிதான். ஆனாலும் செபோவா போனிலேயே பேசினார்.

"லுட்டாயா... கேக்குதா?... இதைச் சரிபண்ண முடியுமா?... பின்னு கிடைக்குமா இப்போ?... நீ செஞ்சுடுவே, எனக்குத் தெரியும்... சனிக்கிழமை வர்றியா?... ஆமா, காலையிலதான். வாழைக்காயை மசிச்சு மட்டோக்கே பண்ணச் சொல்றேன்... மார்க்கு நான் மாத்திப் போடறேன்டா, பாதிரியார்கிட்டயே சொல்லிப் போடறேன். எவ்வளவு போடட்டும்?... பத்தா? பத்து ரொம்ப ஜாஸ்தி. எந்த வண்டிக்கும் நான் பத்து போட மாட்டேன். என்னோடதுக்கே ஒன்பதுதான்... எட்டு?... எட்டரை. எட்டரைக்கு மேல ஒரு..."

லுட்டாயா எழுந்து, சட்டைப்பையில் இருந்து போனை எடுத்து, செபோவாவின் முகத்தைப் பார்த்தபடியே லைனைத் துண்டித்தார். அப்புறம் நடந்து போய் பெஜோவின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அத்தைமார் சிரித்துக்கொண்டே கடைசி வரிசைக்கு நகர்ந்தார்கள். நக்கிட்டோ இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் ஏறினாள், யாரையும் கேட்கவில்லை. கிகுண்டு நடுவில் ஏறினான். அவன் பக்கத்தில் செபோவா உட்கார்ந்தார். வண்டி ஒரே தடவையில் கிளம்பி, பள்ளத்தில் இறங்கி ஏறியது. தோளில் ஒரு சின்ன ஆட்டம்கூடத் தெரியவில்லை. முன் சீட்டுக்கு அடியில் கால் நீட்டிக்கொள்ளத் தாராளமாக இடம் இருந்தது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.